தொட்டில் பாலம்

எங்கள் வீட்டு நடு அறை உத்தரத்தில் இரண்டு கொக்கிகள் இருக்கின்றன. ஒன்று மூத்தவள் பிறப்பதற்கு முன்பு ஆசாரியைக் கூட்டிவந்து அடித்தது. மற்றது இந்த ஏப்ரலில் அடித்தது. இரண்டாவதற்குச் சுத்தியல் விழுந்துகொண்டிருந்தபோது மூத்தவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு இரண்டரை வயது.

“இது ஆருக்கு?”

“வரப்போற பாப்பாவுக்கு.”

“அது?”

“அதும் பாப்பாவுக்குத்தான் மக்களே. ரெண்டு பாப்பால்லா வருது.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்போ எனக்க தொட்டில்?”

ஆசாரி வாயில் ஆணியோடு சிரித்தார். நானும் சிரித்து, அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டேன். பதில் சொன்னதாக நினைவில்லை.

குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நான் ஓர் அண்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம், முந்திரிப் பருப்பு ஆலையை இங்கே அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீஸ் என்ற பேருக்கு மேசையும் நாற்காலியும் எனக்கு மட்டும்தான். மற்றபடி அண்டி வாடையும், தோடு உடைக்கிற சத்தமும், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் பேச்சும். ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்த செய்தி எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் காலை கேட்டைத் தாண்டுவதற்குள் முதல் விசாரணை: “ரெட்டைப் பழம் தின்னாளா?” ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தைக் கர்ப்பிணி தின்றால் இரட்டைப் பிள்ளை என்பது இந்த மாவட்டத்தில் சட்டம் மாதிரி. வீட்டுக்கு வீடு வாழை நிற்கிற ஊரில் ஒட்டுப்பழம் கண்ணில் படாமல் ஒரு வருடம் கழிவதே கஷ்டம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் இங்கே பாதிப் பேர் இரட்டையாகப் பிறந்திருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றேதான்: “ஆருக்க வழியில ரெட்டை?” இதற்கு என் மனைவி சளைக்காமல் பதில் சொல்வாள். அவள் நர்ஸ். இரண்டு முட்டைகள் தனித்தனியாகக் கருவாவது தாய்வழியில் வரலாம், ஒரே கரு பிரிந்து இரண்டாவது யார் வழியிலும் வருவதில்லை, எங்களுடையது இரண்டாவது வகை, ஆகவே இரண்டு குடும்பமும் சண்டை போட வேண்டாம் என்பாள். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, “ஆனாலும் உங்க அம்மைக்க சித்திக்கு ரெட்டைதானே?” என்பார்.

ஒரே நஞ்சுக்கொடி, பனிக்குடப் பை மட்டும் இரண்டு. இந்த வகையில் ஒரு பிள்ளைக்குப் போக வேண்டிய ரத்தம் மற்றதற்கு அதிகமாகப் போய்விடும் அபாயம் இருப்பதால் பதினாறாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மூத்தவளை யாரிடம் விடுவது என்பதே எங்களுடைய பெரிய பிரச்சினையாக இருந்தது. வயிற்றில் இருக்கும்போதே இரண்டு பேரும் அவளைக் காக்கவைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முப்பத்தாறாவது வாரத்தில் அறுவை செய்து எடுத்தார்கள். இரண்டும் பெண். ஒன்று இரண்டு கிலோ நூறு கிராம், அடுத்தது ஒன்று எண்ணூற்றைம்பது. பிரசவ அறைக்கு வெளியே நின்ற தூரத்து உறவினர் ஒருவர் என் தோளில் கை வைத்து, “மூணும் பெண்ணா” என்று ஆரம்பித்து, ஆளுக்கு நூறு பவன் வீதம் முந்நூறு பவன் என்று நான் கேட்காமலேயே கணக்குப் போட்டுக் கொடுத்தார். சம்பளம் வாங்கிக் கணக்கு எழுதுகிறவன் நான். என்னைவிட வேகம் அவர். பிள்ளைகளின் முகத்தை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை.

எடை குறைவு என்பதால் நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கங்காரு முறை. 1978இல் கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இன்குபேட்டர் போதாமல் போனபோது தொடங்கியதாம். தாயின் உடம்புச் சூடே போதும் என்று கண்டிருக்கிறார்கள். இரட்டை என்றால் தாய்க்கு நெஞ்சு ஒன்றுதானே, அதனால் இரண்டாவது பிள்ளை என்னிடம் வந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருப்பேன். ஒரு கிலோ எண்ணூற்றைம்பது கிராம் என்பது ஒரு பெரிய ஏத்தன் சீப்பு அளவுக்குக்கூட வராது. அது நெஞ்சு ரோமத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு உறங்கும். தும்மல் வந்தால் அடக்கிக்கொள்வேன். மூத்தவள் பிறந்தபோது நான் இப்படி ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்ததில்லை. ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் மிட்டாய் வாங்கப் போனேன்.

மத்திய அரசில் வேலை என்றால் அப்பாவுக்கும் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. என்னைப் போல் தனியாரில் இருப்பவனுக்குச் சட்டத்தில் ஒரு நாளும் கிடையாது. பத்து நாள் சொந்த லீவு போட்டேன். பதினோராவது நாள் போய் உட்கார்ந்து, பேரேட்டில் பற்றையும் வரவையும் மாற்றி எழுதினேன். கண்டுபிடித்த சூப்பர்வைசர் அக்கா எதுவும் சொல்லாமல் ஒரு சாயா வரவழைத்துக் கொடுத்தார்.

வீட்டுக் கணக்கு வேறு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால். குறைந்தபட்சம் எட்டு என்று வைத்தாலும் இரண்டு பேருக்குப் பதினாறு. ஒரு முறைக்கு நாற்பது நிமிடம் என்றால் அறுநூற்று நாற்பது நிமிடம், அதாவது பத்து மணி நேரம் நாற்பது நிமிடம். ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்டுவதும், துணி மாற்றுவதும், குடித்ததைக் கக்கினால் துடைப்பதும் இதில் சேராது. முதல் வாரத்தில் இதைத் தாளில் எழுதி மனைவியிடம் காட்டினேன். “ஆஸ்பத்திரியில மூணு ஷிப்டு. இங்க ஒரே ஷிப்டு, அதும் நான்தான்,” என்று சொல்லிவிட்டுத் தாளின் பின்பக்கத்தில் மருந்துக்கடைச் சாமான் எழுதிக்கொடுத்தாள்.

அவள்தான் அந்த விதியைக் கொண்டுவந்தாள்: ஒன்று எழுந்தால் மற்றதையும் எழுப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில், கைக்கு ஒன்றாக, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்துப் பால் கொடுத்தால் பத்து மணி நேரம் நாற்பது நிமிடம் பாதியாகக் குறையும். என் மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. “உறங்குத பிள்ளைய எழுப்பப்பிடாது மக்களே, பாவம்.” நாற்பது நாள் வேது வெள்ளத்தில், அதாவது பச்சிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில், மகளைக் குளிப்பாட்டி, உள்ளி லேகியம் கிண்டி, சுறாப் புட்டு அவித்து, இரண்டு பேத்திகளையும் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய மனுஷி. அவர் சொன்னால் மறுத்துப் பேச முடியாது. அதனால் ராத்திரி இரண்டு மணிக்கு அவர் கண்ணில் படாமல், உறங்குகிற பிள்ளையின் உள்ளங்காலைச் சுரண்டி எழுப்புவது என் வேலையாக இருந்தது. திருடன் மாதிரி.

என் அப்பா ரப்பர் பால் வெட்டியவர். வெயில் ஏறுவதற்கு முன்பு பால் நன்றாக ஒழுகும் என்பதால், வெளுப்பதற்கு வெகுநேரம் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போய்விடுவார். நாங்கள் எழும்போது இருக்கமாட்டார். நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு வந்து பால் உறைய வைப்பார். பிள்ளைகளில் ஒருவரையாவது அவர் இடுப்பில் வைத்திருந்த ஞாபகம் எனக்கு இல்லை. இப்போது நான் இரண்டு மணிக்கு எழுந்து, மூன்று மணிக்கும் விழித்திருக்கும்போது, அதே நேரத்தில் அவரும் பக்கத்து அறையில் பழக்கத்தால் விழித்து உட்கார்ந்திருப்பது தெரியும். ஒருநாள் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். “இஞ்ச தா,” என்று ஒன்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நாற்பது வருடம் கத்தி பிடித்த கை. அவர் தட்டிய இரண்டாவது தட்டில் ஏப்பம் வந்துவிட்டது. அதன் பிறகு மூன்று மணி ஏப்பம் அவருடையது.

ஒரு தப்பும் செய்தேன். எடை குறைந்த பிள்ளைகளுக்குத் தினமும் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். அது என் பொறுப்பு. ஒரு விடியற்காலையில் ஒன்றுக்குக் கொடுத்தேன், துணி மாற்றினேன், தொட்டிலில் இட்டேன், மற்றதை எடுத்து அதற்கும் கொடுத்தேன். அரைமணி நேரம் கழித்து மாமியார், “ஏன் மருமவனே, ஒரே பிள்ளைய ரெண்டு வாட்டி எடுத்திய?” என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. பகலில் ஓரளவு தெரியும், ராத்திரி பூஜ்ஜியம் வாட் பல்பு வெளிச்சத்தில் பெற்றவளுக்கே தெரியாது. மனைவி டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் பயப்பட வேண்டாம், நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் கொடுக்காமல் விடுங்கள் என்றார். அந்தப் பிள்ளை எந்தப் பிள்ளை? அதுதானே கேள்வி.

அன்று சாயங்காலமே ஒன்றின் கணுக்காலில் கறுப்புக் கயிறும் மற்றதில் சிவப்புக் கயிறும் கட்டினோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் சிவப்பு என்று எழுதிப் பால், மூத்திரம், மலம், மருந்து நாலுக்கும் கட்டம் அடித்தேன். இதுதான் எனக்குத் தெரிந்த வேலை. இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிப் பேர் விட்டோம், நல்ல பேர்கள்தான். ஆனால் வீட்டில் இன்றுவரை கறுப்பு, சிவப்பு என்றுதான் புழங்குகிறது. “கறுப்புக்கு ஏப்பம் வந்தா?” “சிவப்பு வெளிக்குப் போயி ரெண்டு நாளாச்சு.” அண்டி ஆபீசில் பருப்பைத் தரம் பிரித்து 240, 320 என்று எண்ணால் அழைப்பதைப் போலத்தான். ஒரு பவுண்டு எடையில் எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். எண் கூடக் கூடப் பருப்பு சிறிது. என் பிள்ளைகள் இரண்டும் 320 என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

அந்த நோட்டில் மூன்றாவது கட்டம் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஜூனில் மழை பிடித்தது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் உண்டு. வறண்ட மாவட்டத்துக்காரர்கள் பொறாமைப்படுவார்கள், பிள்ளைத்துணி துவைக்கிறவன் பொறாமைப்பட மாட்டான். ஒரு நாளுக்கு முப்பது, நாற்பது துணி. கொடியில் போட்டால் சாரல், எடுத்தால் வெயில், போட்டால் மறுபடியும் சாரல். வராந்தாவில், அடுக்களையில், ஜன்னல் கம்பியில், அப்பாவின் சைக்கிள் ஹேண்டில் பாரில் எல்லாம் துணி. சின்ன வயதில் எங்கள் முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட்டுகள் வெள்ளையாகத் தொங்கும், அதே காட்சி. ஷீட்டைப் புகையில் போட்டு உலர்த்துவது போல இதையும் புகைக்கூண்டில் போட்டால் என்ன என்று அப்பா உண்மையாகவே கேட்டார். பெண்கள் இருவரும் பார்த்த பார்வையில் வெற்றிலை எடுக்கப் போய்விட்டார். கடைசியில் விலை கொடுத்து டயபர் வாங்கினோம், ராத்திரிக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு. மழை விட்டபோதும் அந்த ‘மட்டும்’ விடவில்லை.

இந்த எல்லாவற்றுக்கும் நடுவே மூத்தவள். அவளுக்குக் காலையில் ஏத்தம்பழம் அவித்துக் கொடுக்க வேண்டும், ஆனால் முழுசாக, துண்டாக்கினால் தின்னமாட்டாள். ஒருநாள் அவசரத்தில் நறுக்கிவிட்டேன். ஒட்டவைக்கச் சொல்லி முக்கால் மணி நேரம் அழுதாள். மத்தியானம் கஞ்சியும் பயறும். சாயங்காலம் மட்டிப்பழம். மூன்று வேளையும் நான் ஊட்டுவதாகத்தான் ஏற்பாடு. மத்தியானத்துக்கு மட்டும் சைக்கிளில் பாய்ந்து வருவேன். சாப்பிட மறுப்பதை, அடம்பிடிப்பதை, ஆறு மாதமாக நின்றிருந்த படுக்கையை நனைப்பது திரும்பி வந்ததை எல்லாம் நான் சமாளித்தேன். அவை சத்தமாக வருகிறவை, அதனால் கண்ணில் படும்.

கண்ணில் படாதது வேறொன்று. மூன்று பிள்ளை, இரண்டு பேர் கை. எப்போதும் ஒருவர் காத்திருந்தே ஆக வேண்டும். பச்சைப்பிள்ளைக்குக் காத்திருக்கத் தெரியாது, இரண்டு பேருக்குமே தெரியாது. “ஒரு நிமிசம் மக்களே” என்றால் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் வீட்டில் ஒருத்திதான். ஆகவே ஒவ்வொரு முறையும் அவளிடமே சொன்னேன். கதை பாதியில் நிற்கும், குளிப்பாட்டல் பாதியில் நிற்கும், சோப்பு நுரையோடு நிற்பாள். ஒரு நிமிசம் பத்து நிமிசமாகும். அழுவதை எங்கள் பக்கம் கரைவது என்றும் சொல்வார்கள். ஒருநாள் அவளுக்குச் செருப்பு வார் மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் இல்லை. அவளாகவே காலை இழுத்துக்கொண்டு, “பிள்ள கரையும். நீ போ அப்பா” என்றாள். இன்னும் அழத் தொடங்காத பிள்ளைக்காக.

ஆறாவது வாரம் தடுப்பூசி. புதன்கிழமை, ஆட்டோவில் நாங்கள் ஆறு பேர், டிரைவரோடு ஏழு. ஆளுக்கு மூன்று ஊசி, இரண்டு வகை வாய்ச்சொட்டு. கறுப்பு அழுததைக் கேட்டுச் சிவப்பு அழுதது, ஊசி போடும் முன்பே. மூத்தவள் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு வரிசையில் மூன்றாவதாக நின்றாள். “உனக்கு இல்ல மோளே” என்றார் நர்ஸ். அவள் கையை இறக்கவில்லை. ஊசி வேண்டாம் என்று அழுகிற பிள்ளைகளைத்தான் அந்த நர்ஸ் பார்த்திருப்பார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பஞ்சில் தண்ணீர் நனைத்து அவள் கையில் தேய்த்து, விரலால் மெல்ல ஒரு கிள்ளுக் கிள்ளி, “ஆச்சு” என்றார். வீட்டுக்கு வரும்வரை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அன்று ராத்திரி அவளுக்கும் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டுப் பார்த்து, நோட்டில் எழுதினேன். மூன்றாவது கட்டம் அன்றுதான் விழுந்தது.

மறுநாள் இரண்டு தொட்டிலையும் அவிழ்த்துத் துவைக்கப் போட்டிருந்த நேரத்தில் மூத்தவளின் பழைய சேலையை எடுத்து முதல் கொக்கியில் கட்டி அவளை உள்ளே உட்காரவைத்து ஆட்டினேன். காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். முட்டி மூக்கில் இடித்தது. பன்னிரண்டு கிலோ. உத்தரம் முனகியது. நாலு ஆட்டுதான், “போதும்” என்று அவளே இறங்கிக்கொண்டாள். ஆசைப்பட்டது கிடைத்தும் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் அந்தச் சேலையை மடித்து அலமாரிக்குள் வைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. காலையில் மழை இல்லை. மனைவிதான் சொன்னாள்: “இவள எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. நானும் அம்மையும் பாத்துக்கிடுதோம்.” வண்டியில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டேன். எங்கே போகிறோம் என்று கேட்டாள். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு என்றேன்.

பறளியாற்றுக்கு மேலே இரண்டு குன்றுகளை இணைக்கிற பாலம். காமராஜர் காலத்துத் திட்டம், 1966இல் முடித்தார்கள். இருபத்தெட்டுத் தூண்களின் மேல், தரையிலிருந்து நூறு அடிக்கு மேல் உயரத்தில், பட்டணங்கால் வாய்க்கால் தண்ணீரை நீளமான ஒரு தொட்டியில் ஊற்றி அந்தப் பக்கத்து வயல்களுக்குக் கொண்டுபோகிற ஏற்பாடு. ஓரத்தில் மனிதர் நடக்க வழி உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் உயரத்தைப் பார்ப்பார்கள், நாங்கள் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்போம். எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைத் தொட்டில் பாலம் என்றே சொல்வார்கள். என் அம்மையும் அப்படித்தான் சொல்வாள். திருத்த வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

வாயிலில் அன்னாசிப்பழம் கீறி மிளகாய்ப்பொடி தூவி விற்கிற அம்மாவிடம் ஒன்று வாங்கினேன். மூத்தவள் வேண்டாம் என்றாள். பாலத்தில் ஏறியதும் என் விரலை விட்டுவிட்டு, நடையை மாற்றினாள். நுனிக்காலில் நடந்தாள். எதிரே வந்த காலேஜ் பையன்கள் கத்திக்கொண்டே போனார்கள், அவர்களைத் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். எனக்குப் புரியவில்லை. காற்று பலமாக இருந்ததால் பயப்படுகிறாளோ என்று தூக்கிக்கொள்ளக் குனிந்தேன்.

“பைய நட அப்பா,” என்று காதில் சொன்னாள். “தொட்டில்ல பிள்ள உறங்குது.”

தொட்டியின் விளிம்பைக் காட்டினாள். உள்ளே தண்ணீர் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆறு கீழே எங்கேயோ. வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வந்தும் அவள் யாரையோ உறங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

தூக்கித் தோளில் உட்காரவைத்தேன். “பாரு மக்களே. தண்ணிதான் இருக்கு. பிள்ள இல்ல.”

எட்டிப் பார்த்தாள். நீளமாக, அந்தக் குன்றுவரைக்கும் பார்த்தாள்.

“ஆரும் உறங்கல்லியா?”

“ஆரும் உறங்கல்ல. நீ எவ்வளவு வேணும்னாலும் சத்தம் போடலாம்.”

நம்பவில்லை. முதலில் லேசாக “ஓ” என்றாள், காற்று கொண்டுபோய்விட்டது. இன்னொரு முறை கொஞ்சம் பலமாக. என் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சை இழுப்பது முதுகில் தெரிந்தது.

“ஏ பிள்ளையளே! எந்திரிங்கலே!”

முன்னால் போய்க்கொண்டிருந்த பையன்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுபடியும் கத்தினாள். இறங்கி வரும்போது அன்னாசிப்பழம் வேண்டும் என்றாள். முழுசாக.